அளந்து ஊற்றிய தண்ணீர்

விராலிமலை
10.6.2024

அக்கா மருதாயிக்கு, தங்கச்சி சின்னப்பிள்ளை கும்பிட்டு எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள். உனக்குச் சுகமில்லை என்று சொர்ணம் அத்தை வந்து சொன்னார்கள். தெரிந்துகொண்டே சுகமா என்று கேட்க எனக்குக் கை வரவில்லை.

போன் போட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். மறுபடியும் போட்டதற்கு உன் மருமகள் கலைமதி எடுத்து, "சின்னத்தை, அத்தை பேச மாட்டேங்கிறாங்க. கையை ஆட்டுறாங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடுதாசி.

காலும் முகமும் வீங்கிக் கிடக்கிறாயாம். இரண்டு கிட்னியும் போய்விட்டது, டயாலிசிஸ் பண்ணித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். நீ மாட்டேன் என்று ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாயாம். அக்கா, கோபத்தை என் மேல் வைத்துக்கொள். உடம்பின் மேல் வைக்காதே. போ.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
சின்னப்பிள்ளை


ஆலங்குடி
19.6.2024

சின்னப்பிள்ளைக்கு மருதாயி எழுதுவது.

வாயால் பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். கையால் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். சந்தோஷப்பட்டுக்கொள்ளாதே.

உன் மகள் செவந்தி சடங்கு உனக்கு மறந்திருக்கும். என் வீட்டுக்காரர் செத்து வருஷம் திரும்பாத நேரம். பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில், அரக்குக் கலர் பாவாடை தாவணியும் ஒரு சீப்பு ரஸ்தாளியும் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். பழத்தில் ஒன்று வழியிலேயே காம்பு விட்டுவிட்டது, அதுகூட எனக்கு ஞாபகம். உன் வீட்டுக்காரர் பந்தலில் நின்று நாலு பேர் கேட்க, "தாலி இல்லாதவங்க முன்னாடி வராதீங்க மதினி, பின்கட்டுக்குப் போங்க" என்றார். போனேன். ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் செம்போடு அங்கிட்டு வந்தபோது, "தம்பி, கொஞ்சம் தண்ணி" என்றேன். "பந்தி முடியட்டும்" என்று என்னைத் தாண்டிப் போனார். நீ அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். உன் மூக்குத்திகூட அசையவில்லை.

உன் வாசலில் நின்று சொன்னேன்: இந்த வீட்டுத் தண்ணி என் தொண்டையில் இறங்காது, உங்கள் இரண்டு பேரோடும் வாய் திறக்க மாட்டேன், திறந்தால் நான் எங்க ஐயாவுக்குப் பிறந்தவள் இல்லை. அது அப்படியே இருக்கிறது.

டயாலிசிஸ் வேண்டாம். ஒரு தடவை மிஷினில் போட்டால் அப்புறம் நிறுத்தவே முடியாதாம். என் ரத்தத்தை வெளியே எடுத்து ஊரார் கண்ணில் காட்ட நான் என்ன கோயில் கிடாயா?

நீ சுகமாக இருப்பதும் இல்லாததும் உன் பாடு.

மருதாயி


விராலிமலை
25.6.2024

அக்காவுக்கு, சின்னப்பிள்ளை.

உன் எழுத்தைப் பார்த்தே எனக்குப் பாதி உயிர் வந்தது. திட்டினாலும் பரவாயில்லை.

மிஷினில் போட்டால் நிறுத்த முடியாது என்பது உண்மைதான். சோறு தின்ன ஆரம்பித்த பிறகு யார் நிறுத்துகிறோம்? எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு வருஷமாகப் போகிறார். முதலில் அவரைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். இப்போது ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறார், டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டுக் கட்சிக்காரர்களோடு சண்டை போடுகிறார்.

வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஊசி போடும்போது வலிக்கும். ஊசி இறங்குகிற நேரம் பார்த்து ஒரு இருமல் இருமிவிடு, பாதி தெரியாது. காப்பீட்டு அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும். அரசு ஆஸ்பத்திரியில் உன்னிடம் பணம் கேட்க மாட்டார்கள். ஒரு போர்வையும் கொண்டு போ. குளிரும்.

அக்கா, இப்படியே வீங்கிச் செத்த நம் ஆத்தாவுக்கு இந்த மிஷின் கிடைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்குமா?

சின்னப்பிள்ளை


ஆலங்குடி
18.8.2024

சின்னப்பிள்ளைக்கு மருதாயி எழுதுவது.

ஆத்தாவை இழுத்தாய், அதனால் போனேன். உனக்காகப் போகவில்லை.

முதலில் கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். பிறகு இடது கையில் நரம்போடு நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். இப்போது அதில்தான் ஊசி. அந்தக் கையைக் காதில் வைத்தால் ரைஸ்மில் ஓடுகிற சத்தம் கேட்கிறது. சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும் என்றார்கள். அந்தக் கையில் வளையல் கூடாது, குடம் தூக்கக் கூடாது. சந்தையில் ஆத்தா நம் இருவருக்கும் ஒரே நாளில் தேள் பச்சை குத்திவிட்டதே, வெட்டு அதன் மேலேயே விழுந்துவிட்டது. என் தேளுக்கு இப்போது வால் இல்லை.

ஏசி ரூம், சின்னப்பிள்ளை. எனக்கு! பக்கத்துக் கட்டிலில் ஒரு காலேஜ் வாத்தியார், எதிரே லாரி டிரைவர். எல்லோருக்கும் ஒரே மாதிரி மிஷின்தான், ஒரே மாதிரி டியூப்தான். நர்ஸ் பிள்ளைகள் என்னை "வாங்கம்மா, எடை பாருங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார்கள். என் வயிற்றில் பிறந்ததுகூட வெளிநாட்டிலிருந்து போனில்தான் கையைப் பிடிக்கிறது. முதல் தடவை முடிந்து வந்த அன்றைக்கு, எத்தனையோ மாதம் கழித்து நீட்டிப் படுத்துத் தூங்கினேன். அடுத்த தடவை போனபோது எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் மிஷினையே தொட்டுக் கும்பிட்டேன். "தொடாதீங்கம்மா, அலாரம் அடிச்சிரும்" என்றது அந்தப் பிள்ளை. அடித்தும் விட்டது.

தண்ணீர்தான் கொடுமை. அளந்துதான் குடிக்க வேண்டும். வீட்டைச் சுற்றித் தென்னை. இளநீர் தலைக்கு மேல் தொங்குகிறது, குடித்தால் இருதயமே நின்று போகுமாம்.

இருமச் சொன்னாயே, அது நிஜம். ஆஸ்பத்திரியில்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரியும்?

கை வலி இல்லாமல்,
மருதாயி


விராலிமலை
27.8.2024

அக்காவுக்கு, சின்னப்பிள்ளை.

நீ நீட்டிப் படுத்துத் தூங்கினாய் என்ற வரியை மறுபடி மறுபடி படித்தேன்.

தாகத்துக்குச் சொல்கிறேன். வீட்டில் இருக்கிற பெரிய சொம்பை எடுத்துப் பரணில் போட்டுவிடு. சாமிக்குப் பால் வைக்கிற சின்ன டம்ளரில் குடி. தாங்க முடியாத நேரம் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் கண்ணில் படாமல் வை. உப்புப் போனால் தாகமும் பாதி போகும். காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிடச் சொல் கலைமதியிடம். ருசி இருக்காது. பழகிவிடும்.

இங்கே மழை இல்லை. கடலைக்குத் தண்ணீர் இறைக்கிறோம்.

சின்னப்பிள்ளை


ஆலங்குடி
30.9.2024

சின்னப்பிள்ளைக்கு மருதாயி.

நான் கேட்டதற்குப் பதில் இல்லாமல் கடலையைப் பற்றி எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, நான் மறக்கிறவள் இல்லை.

இப்போது ஒரு சங்கடம். ஒருத்தர் ரத்தத்தைக் கழுவ டேங்க் டேங்க்காகத் தண்ணீர் வேண்டுமாம். எனக்கு ஒரு வாய் கூடாது, என் மிஷின் மட்டும் மாடு குடிக்கிற மாதிரி குடிக்கிறது. அந்தத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற பிளாண்டை எடுத்துவிட்டுப் பெரிதாகப் போடப் போகிறார்கள், கூடக் கட்டிலும் வரப் போகிறது. நல்ல காரியம்தான். தை மாதம் வரை எங்களை எல்லாம் வேறு வேறு ஆஸ்பத்திரிக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். வாத்தியாருக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது. எனக்கு வந்த ஊர் எது என்று நினைக்கிறாய்? விராலிமலை. அதுவும் சாயந்தர ஷிப்ட். முடித்து வெளியே வந்தால் ஆலங்குடிக்குப் பஸ் இருக்காது. ராத்திரி தங்க எனக்கு அந்த ஊரில் யார் வீடு இருக்கிறது?

யோசித்துவிட்டேன். அங்கே வரப் போவதில்லை. எங்காவது, எப்போதாவது இடம் கிடைத்தால் ஒரு தடவை போட்டுக்கொண்டு தை வரை தள்ளிவிடுவேன். இப்போதுதான் உடம்பு தேறிவிட்டதே.

மருதாயி


விராலிமலை
4.10.2024

அக்கா,

மற்றதெல்லாம் பிறகு. ஒரு தடவைகூட விடாதே. தேறிய உடம்பு என்று நம்பாதே, அது மிஷின் கொடுத்த தெம்பு. விட்டால் தண்ணீர் நெஞ்சில் ஏறும். படுக்க முடியாது. தலையணையை அடுக்கிச் சாய்ந்தாலும் மூச்சு வராமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வரும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உனக்கு மத்தியான ஷிப்ட் கிடைத்திருக்கிறது. அதில் இருந்த ஒருவர் சாயந்தரத்துக்கு மாறிக்கொள்வதாகச் சிஸ்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். உள்ளூர்க்காரர், இருட்டினாலும் வீட்டுக்குப் போய்விடுவார். நீ காலையில் புறப்பட்டால் போதும், முடித்துவிட்டுப் பொழுதோடு பஸ் ஏறலாம். எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். நானும் ஆஸ்பத்திரிப் பக்கம் வர மாட்டேன், என்னைப் பார்க்க வேண்டிய தொந்தரவு உனக்கு இருக்காது. இது என் சத்தியம்.

வந்துவிடு அக்கா.

சின்னப்பிள்ளை


ஆலங்குடி
28.10.2024

தங்கச்சி சின்னப்பிள்ளைக்கு மருதாயி எழுதுவது. நானும் கலைமதியும் சுகம்.

வந்துகொண்டுதான் இருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கும். காசில்லாத பஸ்ஸில் ஏறிப் புதுக்கோட்டை, அங்கே மாறி விராலிமலை. கலைமதி என் மடியில் சாய்ந்து தூங்குகிறாள், யாருக்கு நோய் என்றே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

இங்கே ஷர்லி என்று ஒரு சிஸ்டர். நாகர்கோவில் பக்கம். நான் இருமுவதைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கும் இந்த இருமல் வைத்தியம் தெரியுமா பாட்டி?" என்று சிரித்தது. ஊசி போடுகிற கை என்றால் அதுதான் கை. அது பிள்ளை குட்டியோடு நல்லா இருக்க வேண்டும்.

எனக்குக் கட்டில் விட்டவர் யார் என்று கேட்டேன். "சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு பாட்டி" என்றுவிட்டது. என்ன மனுஷன் பார். நோயாளிக்கு மத்தியானக் கட்டில் என்பது தங்கம் மாதிரி. சாயந்தரம் போட்டால் சோர்ந்த உடம்போடு இருட்டில் வீடு போக வேண்டும், ராச்சோறு இறங்காது. முகம் தெரியாத ஒருத்திக்காக அதை எழுதிக் கொடுத்திருக்கிறார். பெற்றவர்கள் நல்லபடி வளர்த்திருக்கிறார்கள்.

மலை ஏற எனக்குத் தெம்பு இல்லை. அடிவாரத்தில் நின்று சூடம் ஏற்றினேன். பேர் தெரியாததால், "முருகா, அந்த மத்தியானக் கட்டில்காரருக்கு ஆயுசைக் கொடு" என்று சத்தமாகச் சொன்னேன். பூக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர் பேரை விசாரித்து எழுது. அடுத்த தடவை பேர் சொல்லிக் கும்பிட வேண்டும்.

அக்கா,
மருதாயி


விராலிமலை
6.11.2024

அக்காவுக்கு, சின்னப்பிள்ளை.

அக்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ சூடம் ஏற்றியதை அவரிடம் படித்துக் காட்டினேன். ஆயுசைக் கொடு என்ற இடத்தில் சிரித்தார். மேலே படிப்பதற்குள் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். பேர் எதற்கு, முருகனுக்குத் தெரியும் என்று சொல்லச் சொன்னார்.

மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் பார்த்து நட.

சின்னப்பிள்ளை


ஆலங்குடி
25.11.2024

சின்னப்பிள்ளைக்கு,

போன கடுதாசியில், "கொல்லைப் பக்கம் போய்விட்டார்" என்று எழுதினாய். ஊரான் யாராவது உன் கொல்லைக்கு எழுந்து போவானா? அப்போதே எனக்கு உறுத்தியது. ஆனாலும் நம்பவில்லை.

வியாழக்கிழமை மழையில் எங்கள் பஸ் பிந்திவிட்டது. அதனால் மிஷினில் ஏற்றியதும் பிந்தி, இறக்கியதும் பிந்தி. நான் கட்டிலில் உட்கார்ந்து ரத்தம் நிற்கக் கையை அமுக்கிக்கொண்டு இருக்கிறேன். ஷர்லி அவசரத்தில் மறந்துபோய்க் கதவைத் திறந்து வெளியே பார்த்துக் கூப்பிடுகிறது: "ரெங்கராஜ் ஐயா, ஒங்க பழைய கட்டிலு காலியாயிருச்சு. பாட்டி எறங்கிட்டாங்க. எடை பாத்துட்டு வாங்க."

வெளியே பெஞ்சில் ஒரு ஆள் துண்டைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முகத்தை மூடினால் போதுமா? அந்தக் காதையும் குதிகாலையும் நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன், இத்தனை வருஷம் வெறுத்திருக்கிறேனே. செம்பு தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போன அதே ஆள். இளைத்துக் குச்சியாகிவிட்டார். துண்டுக்கு வெளியே இடது கை தெரிந்தது. என் கை மாதிரியே, நரம்பு கயிறு கயிறாகப் புடைத்து.

நான் நின்றேன். கலைமதி, "சின்ன மாமா!" என்று கத்திவிட்டாள். அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே, "வெரசா போங்க மதினி, பஸ்ஸு போயிரும்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கையைக் காதிலேயே வைத்திருந்தேன். அவர் கையிலும் இதே ரைஸ்மில்தானே ஓடும்.

ஆக, நான் சூடம் ஏற்றி ஆயுசு கேட்டது அந்த மனுஷனுக்கு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். முடியாது போலிருக்கிறது.

ஏன் என்னிடம் மறைத்தாய்? கடலையைப் பற்றி எழுதாமல் பதில் எழுது.

மருதாயி


விராலிமலை
29.11.2024

அக்காவுக்கு,

அவருக்கு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். உனக்குத் தெரிந்தால், தண்ணீர் கொடுக்காதவனைச் சாமி தண்ணீருக்கு ஏங்க வைத்துவிட்டது என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். உன் வாயில் அது வந்தால் பலித்துவிடும் என்று பயந்தேன். பிறகு உனக்கும் அதே நோய் என்று சொர்ணம் அத்தை வந்து சொன்னபோது, அவர்தான் பேப்பரும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

கட்டிலை மாற்றியதும் அவர் யோசனைதான். நான் கேட்கவில்லை. "மதினி நம்ம வீட்ல ராத்தங்க மாட்டாங்க. பகல்ல முடிஞ்சாத்தான் வருவாங்க" என்றார். தான் என்று தெரிந்தால் நீ அந்தக் கட்டிலைத் தொட மாட்டாய் என்று சிஸ்டரிடமும் சொல்லி வைத்தார்.

வியாழக்கிழமை வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "மதினிக்குப் பஸ்ஸு கெடைச்சுச்சாமா?"

கிடைத்ததா அக்கா?

சின்னப்பிள்ளை


ஆலங்குடி
24.1.2025

தங்கச்சி சின்னப்பிள்ளைக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். அங்கே உன் சுகத்துக்கும் உன் வீட்டுக்காரர் சுகத்துக்கும் முருகன் துணை.

இரண்டு மாதம் உனக்கு எழுதாமல் இருந்தேன். அவர் விட்ட கட்டிலில்தான் ஒவ்வொரு தடவையும் படுத்தேன், எழுத மட்டும் கை ஓடவில்லை. புது பிளாண்ட் போட்டாயிற்று, இனி எனக்குப் பழைய இடமே. ஷர்லியை விட்டு வர மனம் கனத்தது. அதன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "ஐயோ பாட்டி, கையொற போட்டிருக்கேன்" என்றது. பரவாயில்லை என்றேன்.

கடைசி நாள் மிஷினுக்குப் போகும் முன் நேரே உன் வாசலுக்கு வந்து நின்றேனே, அப்போது நீ அழுதுகொண்டே கேட்டாய், "அக்கா, சத்தியம் என்னாகிறது?" என்று. அப்போது உன் கண்ணைத்தான் துடைத்துவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன். சத்தியம் பண்ணின ரத்தத்தை மிஷின் எத்தனையோ தடவை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்டுவிட்டது. இனி அது ஒட்டாது. நம் ஐயா கேட்டால் இதையே சொல்வேன், நீயும் மாற்றிச் சொல்லாதே.

சாமி தண்டித்தது என்று சொல்லியிருப்பேனா என்று பயந்தாயே, முன்பே தெரிந்திருந்தால் சொல்லித்தான் இருப்பேன். ஆனால் அதே சாமி எனக்கும் அல்லவா கொடுத்திருக்கிறது. நான் யாருடைய தண்ணீரைத் தட்டினேன்?

வந்தவளை உட்கார் என்று சொல்லக்கூடத் தெரியாமல் நீ நின்றாய். அவர்தான் உள்ளே போனார். அன்றைக்கு என் அளவுத் தண்ணீரில் மிச்சம் இருந்ததே ஒரு வாய்தான், காலையிலிருந்து அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தேன். "தம்பி, கொஞ்சம் தண்ணி" என்றேன். அவருக்கும் அந்தப் பேச்சு ஞாபகம் இருந்திருக்க வேண்டும், எடுத்த செம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். சாமிக்குப் பால் வைக்கிற சின்ன டம்ளரில், கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மருந்து ஊற்றுகிற மாதிரி ஊற்றினார். பாதியில் நிறுத்திவிட்டார். நீ, "நிறைய ஊத்துங்க, எத்தனை வருஷங் கழிச்சு வந்திருக்கு" என்று சத்தம் போட்டாய். அவர் கேட்கவில்லை. "இம்புட்டுத்தான் மதினிக்கு. கூடுனா மூச்சு முட்டும்" என்றார்.

பின்கட்டில் தராமல் போன செம்பை நான் மறக்க மாட்டேன், சின்னப்பிள்ளை. மன்னித்துவிட்டதாக அவரிடம் சொல்லி வைக்காதே. அந்த அரை டம்ளரையும் மறக்க மாட்டேன். அதையும் சொல்லு.

போன் போடு. எடுப்பேன்.

அக்கா,
மருதாயி